எதற்கெடுத்தாலும் டூல் சேஞ்ச்

1. சிவப்புத் தோசை

ஏழுமலையின் வேலை போகப்போகிறது என்று எங்களுக்கு முதலில் சொன்னது சுவரில் மாட்டிய டிவி.

பிரஸ் ஷாப்பிலிருந்து கேன்டீனுக்குப் போகும் வழியில் அதை மாட்டினார்கள். அதில் தோசை மாதிரி ஒரு வட்டம். தோசையில் முக்கால்வாசிக்கு மேல் சிவப்பு. சிவப்புக்குப் பக்கத்தில் 'டூல் சேஞ்ச்' என்று போட்டிருந்தது. மெஷின்கள் ஓடாமல் நின்ற நேரத்தில் பெரும்பங்கு, டை மாற்றுவதற்காக நின்றது என்று அதற்கு அர்த்தம்.

டை என்பது பிரஸ் மெஷினில் தகட்டை வெட்டி வளைக்கும் அச்சு. நாங்கள் செய்தது கார் சீட்டுக்கு அடியில் வரும் பிராக்கெட். ஒவ்வொரு பிராக்கெட்டுக்கும் ஒரு டை. அதைத் தீட்டுவது, சரிபார்ப்பது, மெஷினில் ஏற்றி இறக்குவது எல்லாம் டூல் ரூம் வேலை. எங்கள் டூல் ரூம் என்றால் அது ஏழுமலைதான். கூட இரண்டு கையாட்கள்.

ஏழுமலை டிவி முன்னால் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றான்.

"யக்கா, இன்னாக்கா இது? இந்தச் செவப்பு பூரா நான்தானா?"

"அப்படித்தான் போட்டுக்கீது."

"அப்ப நான் வூட்டுக்கே போறதில்லியா? சோறு துன்றதில்லியா? டை மாத்திகினே கீறனா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். இரண்டு நாள் கழித்து புரொடக்ஷன் மேனேஜர் சம்பத் அவனைக் கூப்பிட்டு, டூல் ரூமை மூடப்போகிறோம், டை வேலையை வல்லம் வடகாலில் ஒரு கம்பெனிக்கு விடப்போகிறோம், நீ வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொன்ன பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஏழுமலைக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஒரகடம் ரோட்டில் எந்தக் கேட்டிலும் முதலில் கேட்பது வயசைத்தான். முப்பது என்றாலே செக்யூரிட்டி ஏற இறங்கப் பார்ப்பான்.

"டேட்டா சொல்லுது ஏழுமலை. நான் என்ன பண்ண?" என்றாராம் சம்பத்.

டேட்டா சொல்லுதாம். அதைச் சொல்லவைத்தது யார் என்று எனக்குத் தெரியும். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். இந்த டேட்டா வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் படிக்கட்டும்.

2. கோடவுனுக்கு வந்த குப்பை

நான் பேக்கிங், இன்ஸ்பெக்ஷன் இரண்டுக்கும் லீடர். சேரப்பணஞ்சேரிப் பக்கம். எங்கள் நிலத்தில் கம்பெனி வந்தபோது ஊரில் பலர் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். அதன் பிறகு எத்தனையோ மேனேஜர்கள் வந்தார்கள், பொக்கே வாங்கினார்கள், போனார்கள். நான் இருந்தேன்.

ஒருநாள் எம்.டி.யைப் பார்க்க கார் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். எத்தனை பீஸ் செய்தீர்கள், எத்தனை ரிஜெக்ட், மெஷின் ஏன் நின்றது என்று ஏதோ கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒவ்வொரு டிபார்ட்மென்ட் ஒவ்வொரு பதில் சொன்னது. எம்.டி.க்கு அவமானமாகப் போய்விட்டது. உடனே 'டேட்டா வேர்ஹவுஸ்' கட்டவேண்டும் என்றார்.

அதாவது கேட்டில் பஞ்சிங் மெஷினில் இருப்பது, ஸ்டோரில் எக்செல்லில் இருப்பது, குவாலிட்டிக்காரர்கள் பேப்பரில் எழுதுவது, பிரஸ் மெஷினின் ஸ்க்ரீனில் பதிவது, எல்லாவற்றையும் கொண்டுவந்து ஒரே கோடவுனில் ஒழுங்காக அடுக்கிவைப்பது. யார் எதைக் கேட்டாலும் ஒரே பதில் வரும். நல்ல எண்ணம்தான். கோடவுனுக்குள் வருகிற சரக்கு என்ன லட்சணம் என்று மட்டும் எம்.டி. கேட்கவில்லை.

அதைச் செய்வதற்கு சென்னையிலிருந்து பிரிசில்லா என்று ஒரு பெண் வந்தாள். ஷாப்பில் என்ன நடக்கிறது என்று விளக்க ஒரு ஆள் வேண்டும் என்று அவள் கேட்டபோது சம்பத் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

"கன்னியம்மாவ அனுப்புங்க. மூணாங்கிளாஸ். பேச மட்டும்தான் தெரியும்."

பேசத் தெரிந்தவளை அனுப்பியது யார் தப்பு?

உட்கார்ந்த முதல் நாளே தெரிந்துபோனது, எங்கள் கம்பெனியில் டேட்டாவுக்குப் பஞ்சம் இல்லை, வெட்கத்துக்குத்தான் பஞ்சம் என்று. ஸ்டோரில் 'பி ஜீரோ ஃபோர்' என்று ஒரு மெஷின். மெயின்டனன்ஸில் 'நாலாம் நம்பர்' என்று ஒரு மெஷின். குவாலிட்டியில் 'பிக் பிரஸ்' என்று ஒன்று. பிரிசில்லா மூன்று மெஷின் என்று குறித்துவைத்திருந்தாள்.

"மூணும் ஒண்ணும்மா. அந்த ஒண்ணும் பாதி நேரம் படுத்துக்கும்," என்றேன்.

ஸ்டோர்கீப்பர் ஒரு மகாராஜா. எண்ணாத சரக்குக்கெல்லாம் எக்செல்லில் சைபர் போட்டுவைத்திருந்தார். சரக்கு தீர்ந்துபோனாலும் சைபர், எண்ணச் சோம்பல்பட்டாலும் சைபர். எது எந்த சைபர் என்று கேட்டால், "காலியா விட்டா சாஃப்ட்வேர் எரர் காட்டுதும்மா" என்பார். எரர் காட்டுகிறதாம், அதனால் பொய்யை எழுதுவாராம்.

குவாலிட்டிப் பையன் ஒருவன் அவரையும் மிஞ்சினவன். மணிக்கொரு தரம் பீஸை அளந்து எழுதவேண்டும். இவன் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே பேப்பரை மொத்தமாக நிரப்புவான். எல்லா பீஸும் ஒரே அளவு, ஒரு நூல் கூடக் குறைச்சல் கிடையாது. கடவுளே கையால் செய்தாலும் அப்படி வராது. சம்பத் அந்தப் பேப்பரைத்தான் கார் கம்பெனிக்காரர்களிடம் பெருமையாகக் காட்டினார்.

பிரிசில்லா அதை வெகுநேரம் பார்த்தாள். "இது ரொம்ப க்ளீனா இருக்குக்கா. அதான் எனக்குப் பயமா இருக்கு," என்றாள்.

அன்றைக்குத்தான் இந்தப் பெண்ணுக்கு மண்டையில் ஏதோ இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

3. மேலே இருக்கிற பட்டன்

இப்போது டூல் சேஞ்சுக்கு வருகிறேன்.

பிரஸ் மெஷின் நின்றால் அதன் ஸ்க்ரீனில் வரிசையாகப் பட்டன்கள் வரும். ஏன் நின்றது என்று ஒரு காரணத்தை அமுக்கவேண்டும். அமுக்காவிட்டால் மெஷின் திரும்ப ஓடாது. எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது 'டூல் சேஞ்ச்'. அதற்குக் கீழே தகட்டு ஷீட் மாட்டிக்கொண்டது, கரண்ட், ஆயில் என்று மற்றவை. மேலே இருப்பதை அமுக்கினால் மெஷின் உடனே ஓடும். கீழே இருப்பதில் எதை அமுக்கினாலும் சூப்பர்வைசர் வந்து தன் கார்டைத் தேய்க்கவேண்டும். சூப்பர்வைசர் எங்கே இருப்பார்? கேன்டீனிலோ, போனிலோ, இன்னொரு லைனில் யாரையாவது கத்திக்கொண்டோ இருப்பார். அவர் வருகிறவரை லைன் நிற்கும். வந்ததும், "ஏன் நிறுத்தின?" என்று நின்றவளைத்தான் திட்டுவார்.

ஸ்க்ரீன் வந்த புதிதில் மெஷின் ஓட்டும் பெண்கள் உண்மையான காரணத்தைத்தான் அமுக்கினார்கள். லைன் அடிக்கடி நின்றது. டார்கெட் குறைந்தது. சம்பத் ஷிஃப்ட் ஆரம்பத்தில் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார்:

"எதுக்கு நின்னாலும் மேல இருக்கற பட்டனை அமுக்கிட்டு ஓட்டிக்கிட்டே இருங்க. எவளாவது கீழ கைய வெச்சா நான் மனுஷனா இருக்கமாட்டேன்."

அவர் அதற்கு முன் மட்டும் என்னவாக இருந்தார் என்று நான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து ஷீட் மாட்டிக்கொண்டாலும் டூல் சேஞ்ச். கரண்ட் போய் வந்தாலும் டூல் சேஞ்ச். ஒரு தரம் மெஷினுக்குள் அணில் புகுந்துவிட்டது, அதற்கும் டூல் சேஞ்ச். புதிதாகச் சேர்கிற பெண்ணுக்கு, பாத்ரூம் எங்கே என்று காட்டுவதற்கு முன் அந்தப் பட்டனைக் காட்டிவிடுவார்கள். வருஷக்கணக்கில் இப்படியே போனது. அந்தப் பொய்யெல்லாம் ஸ்க்ரீனுக்குப் பின்னால் பத்திரமாகச் சேர்ந்துகொண்டிருந்தது. கோடவுன் கட்ட ஆரம்பித்ததும் சம்பத் அவசரப்பட்டு அதை மட்டும் முதலில் டிவியில் போடச் சொன்னார். எம்.டி. பார்த்தார், ஏழுமலையின் தலையில் விடிந்தது.

சம்பத் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். அவர் போட்ட உத்தரவுதானே? திறக்கவில்லை. டூல் ரூமைக் குறைத்தால் செலவு குறையும், தனக்கு நல்ல பேர் என்று கம்மென்று இருந்துவிட்டார்.

4. மாற்றினார்களா, கும்பிட்டார்களா

பிரிசில்லா இதைத் தானாகவே பிடித்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அக்கா, ஒரு டை எவ்ளோ வெயிட் இருக்கும்?"

"கிரேன் வெச்சித்தான் தூக்கணும். ஏன்?"

"மாத்த எவ்ளோ நேரம் ஆகும்?"

"ஏழுமலை கை வெச்சா முக்கா மணி. மத்தவங்க வெச்சா அன்னிக்குப் பொழுது போச்சு."

"அப்ப ரெண்டு நிமிஷத்துல எப்படி மாத்தறாங்க? பாருங்க, இங்க டூல் சேஞ்ச்னு இருக்கு. அதுக்கு முன்னாடி ஓடினதும் இதே டை நம்பர். அப்புறம் ஓடறதும் இதே டை நம்பர். மாத்தினாங்களா, இல்ல டையைக் கும்பிட்டுட்டு வந்தாங்களா?"

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"இதுல எது நிஜ டூல் சேஞ்ச்னு என்னால சொல்லிட முடியும்கா. நம்பர் மாறியிருந்தா நிஜம். ஆனா மத்தது எதனால நின்னுதுன்னு இதுக்குள்ள இல்ல. யார்கிட்ட கேக்கறது?"

அமுக்கியவர்களிடம்தான் கேட்கவேண்டும். நான் நாலாம் நம்பர் பிரஸ்ஸை ஓட்டுகிற முத்துமாரியிடம் போனேன். ராமநாதபுரத்துப் பக்கம். சுங்குவார்சத்திரத்தில் ஒரே ரூமில் ஆறு பெண்களோடு தங்கியிருந்தாள். கான்ட்ராக்ட்.

விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, நீங்க ஒண்ணும் சொல்லிறாதீக. பொய்யா அமுக்குனியான்னு எங்க கழுத்தத்தான் புடிப்பாக. அந்தாளுதான் சொன்னாருன்னு நாங்க சொன்னா யாரு நம்புவா?"

"ஏழுமலை வேலை போவுதுடி."

"தெரியும். நேத்து அவருகிட்ட பேசக்கூட முடியல. தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டேன்." குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அவரு வேலை போனா அவரு ஒராளு. எங்க வேலை போனா லைனே போகும்க்கா."

இந்தக் கணக்கில் தப்பு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. அது எனக்குப் பிடிக்கவும் இல்லை.

5. சம்பத்தின் விரல்

டூல் ரூமை மூடுவதற்கான மீட்டிங். எம்.டி., சம்பத், பிரிசில்லா, நான். சாவியை யாரிடம் ஒப்படைப்பது என்று பேச ஏழுமலையையும் கூப்பிட்டிருந்தார்கள். அவன் கதவோரம் நின்றான். அவனை உட்காரச் சொல்ல அந்த ரூமில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிரிசில்லா சுற்றி வளைக்கவில்லை. "சார், இந்தச் சிவப்புல பெரும்பகுதி டூல் சேஞ்சே இல்ல," என்று டை நம்பரைக் காட்டி விளக்கினாள்.

எம்.டி. சம்பத்தைப் பார்த்தார். சம்பத்துக்கு ஒரு நிமிஷம்கூட வேண்டியிருக்கவில்லை.

"அப்ப அது ஆபரேட்டர் தப்புதான் சார். ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம் நிக்கறதெல்லாம் இந்தப் பொண்ணுங்க போன் பாக்கற நேரம். ஒரு ரூல் போட்டு மொத்தத்தையும் ஆபரேட்டர்னு மாத்திடச் சொல்லுங்க. டேட்டா க்ளீன் ஆயிடும்."

"அதானேம்மா க்ளீன் பண்றதுன்னா?" என்றார் எம்.டி.

"இல்ல சார். அது டூல் சேஞ்ச் இல்லைனு எனக்குத் தெரியும். ஆபரேட்டர்னு எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதமாட்டேன்," என்றாள் பிரிசில்லா.

எனக்கு அடக்கமுடியவில்லை.

"இன்னா சார் இது? காலைல ஏழுமலை, மத்தியானம் பொண்ணுங்களா? சாயங்காலத்துக்கு யார எடுத்து வெச்சிக்கீறீங்க?"

"கன்னியம்மா, நீ சும்மா இரு," என்றார் சம்பத்.

"போன் பாக்குறாங்கன்றீங்களே, போன் எங்க கீது? கேட்லயே புடுங்கி லாக்கர்ல வெக்கிறீங்க. லாக்கர் வரைக்கும் ஓடிப்போய்ப் பாத்துட்டு ரெண்டு நிமிஷத்துல திரும்பி வராளுங்களா?"

எம்.டி. கையை உயர்த்தினார். "சரிம்மா. அப்ப மெஷின் ஏன் நிக்குது? நீயே சொல்லு."

நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் வார்த்தைக்கு எதிராகச் சம்பத்தின் வார்த்தை நிற்கும். மூன்றாம் கிளாஸுக்கும் இன்ஜினியருக்கும் நடுவில் எம்.டி. யாரை நம்புவார் என்பது எனக்குத் தெரியாததா?

"கீழ வாங்க சார். நாலாம் நம்பர் முன்னால நில்லுங்க. ரொம்ப நேரம் காக்க வெக்காது," என்றேன்.

போனோம். ஏழுமலையும் பின்னால் வந்தான். எம்.டி.யைப் பார்த்ததும் லைனில் எல்லோருக்கும் முதுகு நிமிர்ந்துவிட்டது. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது. ஷீட் உள்ளே மடங்கி மாட்டிக்கொண்டது. மெஷின் நின்றது. முத்துமாரி கொக்கியை எடுத்துச் சுருண்டிருந்த தகட்டை இழுத்துப் போட்டாள். ஸ்க்ரீனில் பட்டன்கள் வந்தன. அவள் அதைப் பார்த்தாள், சம்பத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். மேலே கைவைத்தால் பொய். கீழே கைவைத்தால் சம்பத். அவள் வேறு என்ன செய்வாள்?

மெஷின் நின்றது நின்றபடி இருந்தது. அடுத்த மெஷினுக்குப் போகவேண்டிய பீஸ் போகவில்லை. அந்த மெஷினும் நின்றது. எம்.டி. வாட்ச்சைப் பார்த்தார். சம்பத்துக்கு வியர்த்துவிட்டது.

"என்ன முழிச்சிக்கிட்டு நிக்கற? லைன் நிக்குதில்ல? தள்ளு!"

அவளைத் தோளால் விலக்கிவிட்டு முன்னால் போனார். ஸ்க்ரீனைப் படிக்கக்கூட இல்லை. விரல் நேராக மேலே இருந்த பட்டனுக்குப் போனது. அமுக்கினார். பிரஸ் 'தொம்' என்று இறங்கி ஓட ஆரம்பித்தது. காரியத்தை முடித்தவர் மாதிரி திரும்பினார்.

எம்.டி. குனிந்து ஸ்க்ரீனைப் பார்த்தார்.

"சம்பத், இப்ப எதை அமுக்கின?" என்றார் எம்.டி.

"சார்... லைன் ஓடணும்ல சார்..."

மீட்டிங்கில் கதவோரம் நின்ற ஏழுமலைக்கு அப்போதுதான் குரல் வந்தது.

"சார், நான் உங்க பக்கத்துலதான் நின்னுகினு கீறேன். இப்ப எப்ப சார் நான் டை மாத்தினேன்?"

லைன் கடைசியில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அடுத்து இன்னொருத்தி. முத்துமாரி சிரிக்கவில்லை. பின்னால் கட்டியிருந்த கையை மெல்லப் பிரித்து, அடுத்த ஷீட்டைச் சரிபண்ணப் போய்விட்டாள்.

6. தெரியாது என்று ஒரு இடம்

ஏழுமலையிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அப்படி ஒரு வழக்கம் கம்பெனிகளில் கிடையாது. "டூல் ரூம் மேட்டர அப்புறம் பாக்கலாம்" என்று எம்.டி. சொல்லிவிட்டுப் போனார். அந்த அப்புறம் வரவே இல்லை. சாவி அவனிடமே இருந்தது. பொய் அமுக்கியதற்கு எந்தப் பெண்ணுக்கும் மெமோ வரவில்லை. வந்தால் முதல் மெமோ சம்பத்துக்குத்தான் அடிக்கவேண்டும்.

பிரிசில்லா பழைய டேட்டாவில் ஒன்றையும் அழிக்கவில்லை. அமுக்கியது அமுக்கியபடி ஒரு பக்கம் இருந்தது. டை நம்பர் மாறாத இடத்திலெல்லாம் பக்கத்தில் 'காரணம் தெரியாது' என்று போட்டாள். தோசையில் பெரும்பகுதி சாம்பல் கலராகிவிட்டது.

எம்.டி. தலையில் கைவைத்துக்கொண்டார். "இத்தனை வருஷ டேட்டா. ஒண்ணுமே தெரியாதுன்னா எப்படிம்மா?"

"இத்தனை நாள் தெரியும்னு நினைச்சிட்டிருந்தோமே சார், அதுதான் மோசம்," என்றாள் அவள்.

பிறகு ஸ்க்ரீனை மாற்றினார்கள். காரணத்தைத் தமிழில் எழுதினார்கள். கார்டு தேய்ப்பதை எடுத்துவிட்டார்கள். எதை அமுக்கினாலும் மெஷின் ஓடும். 'தெரியாது' என்றும் ஒரு பட்டன் வைத்தார்கள். பெண்கள் முதலில் நம்பவில்லை. யாரும் கத்தவில்லை என்று தெரிந்ததும் உள்ளதை அமுக்க ஆரம்பித்தார்கள்.

உள்ளது என்னவென்றால், ஷீட். காலையில் ஷீட், மாலையில் ஷீட். ஓரம் நெளிந்த மட்டமான ஷீட். பழைய சப்ளையரை நிறுத்திவிட்டு அதை எங்கேயோ மலிவாகப் பிடித்துக்கொண்டு வந்தது வேறு யாரும் இல்லை, எம்.டி.யேதான்.

டிவியைப் பார்த்ததும் அவர் பிரிசில்லாவைக் கூப்பிட்டார். "இந்த டேட்டால ஏதோ தப்பு இருக்கும்மா. நல்லா செக் பண்ணு."

செக் பண்ணினாள். ஷீட்தான். மறுபடியும் செக் பண்ணச் சொன்னார். மறுபடியும் ஷீட்தான்.

ஏழுமலையின் பேர் சிவப்பில் இருந்தபோது ஒரு தரமாவது செக் பண்ணச் சொன்னாரா? இல்லை. ஒரு மனிதனை வீட்டுக்கு அனுப்ப அந்த டேட்டா போதுமாக இருந்தது. ஒரு சப்ளையரை மாற்ற இந்த டேட்டா போதவில்லை.

கடைசியில் டூல் ரூமுக்கே இறங்கிவந்து கேட்டார். நான் அங்கேதான் இருந்தேன்.

"ஏழுமலை, இந்த ஷீட்டுக்கு ஏத்த மாதிரி டையைக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ண முடியாதா?"

ஏழுமலை கையைத் துணியில் நிதானமாகத் துடைத்துக்கொண்டான். "பண்ணலாம் சார். நீங்க ஷீட்ட மாத்தறவரைக்கும் தெனம் பண்ணிகினே இருக்கணும். பரவால்லியா?"

எம்.டி. திரும்பி மேலே ஏறிப் போனார். அடுத்த லோடு பழைய சப்ளையரிடமிருந்து வந்தது. எதனால் என்று எங்கேயும் பதிவாகவில்லை.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. காலியாக இருக்கிற கட்டத்தைப் பார்த்துக் கத்துகிறவர்களை நிறையப் பார்ப்பீர்கள். அவர்கள் கத்துகிற கத்தலில்தான் கட்டம் பொய்யால் நிரம்புகிறது. நிரம்பினதைத் துடைத்து, பளபளப்பாக்கி, கோடவுனில் அடுக்கித் தரச் சொல்லி உங்களிடம் வருவார்கள். அடுக்காதீர்கள். தெரியாது என்று சொல்ல ஒரு இடம் விடுங்கள். அந்த இடத்தை அமுக்குகிறவளை யாரும் திட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீதி டேட்டா தானாக உண்மை பேசும். அதைக் கேட்கத்தான் மேலே இருக்கிறவர்களுக்கு வயிறு எரியும். எரியட்டும்.